கருவி வாங்கியாச்சு, பயிற்சியும் கொடுத்தாச்சு, ஆனால் ஆப் அப்படியே இருக்கிறது

கேள்வி: வங்கிகளுக்குக் கடன் ஆப் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளரான வங்கி ஒன்று, ஆப்பின் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த முடிவது) பற்றி அறிக்கை கேட்டது. நிர்வாகம் தானாகச் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கியது, எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சி வைத்தது. மாதங்கள் ஓடிவிட்டன, ஆப்பில் எதுவும் மாறவில்லை. இப்போது "இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் தந்துவிட்டார்கள். டீமுக்குள் இந்தத் திறமையை எப்படி வளர்ப்பது? மாற்றுத்திறனாளிகளை வைத்து ஆய்வு செய்யச் சொல்கிறார்கள், அவர்களை எங்கே தேடுவது, எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. மேனேஜர் நேரமும் பணமும் ஒதுக்குவாரா என்பதும் சந்தேகம். (பெயர் வேண்டாம், கோவை)

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வரிதான். பல நிறுவனங்களில் அணுகல்தன்மை செத்துப்போவது இந்த இடத்தில்தான். அக்கறை உள்ள ஒருவர் மேல் மொத்தமும் ஏற்றப்படும், ரிலீஸுக்கு முந்தின நாள் அவரிடம் "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள், அவர் நாற்பது குறை எழுதிக் கொடுப்பார், "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்று பதில் வரும். அவர் களைத்துப்போய் வேறு வேலைக்குப் போன அன்று எல்லாமே அவரோடு போய்விடும். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை குறைகளைத் தேடுவது இல்லை. இந்த வேலை யார் யார் மேசையில் எந்தெந்த அளவில் இருக்க வேண்டும் என்று பிரித்து வைப்பது.

அதற்கு முன், வாங்கிய கருவியைப் பற்றி. அதைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அதன் எல்லையை எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017-ல் வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கம் செய்து, சந்தையில் இருந்த கருவிகளை அதன் மேல் ஓடவிட்டது. மிகச் சிறப்பாகச் செய்த கருவியே சுமார் 40 சதவீதத்தைத்தான் பிடித்தது, சில தடைகளை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. காரணம் எளிது. படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியும், அது சரியான உரையா என்று தெரியாது. பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும், "சமர்ப்பி" என்று பெயர் வைத்த பட்டன் உண்மையில் விண்ணப்பத்தை ரத்து செய்கிறதா என்று பார்க்காது. உங்கள் கடன் ஆப்பில் ஓடிபி பெட்டி 30 விநாடியில் காலாவதி ஆகிறது என்று வையுங்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில் மெசேஜைக் கேட்டு, எண்ணை நினைவில் வைத்து, மறுபடி ஆப்புக்கு வந்து, பெட்டியைக் கண்டுபிடித்து அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கருவியின் கணக்கில் அந்தத் திரை பச்சைதான்.

அதே சமயம் கருவி பிடிக்கும் குறைகளைச் சின்னவை என்று ஒதுக்கவும் கூடாது. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது. பெரும்பாலானவை அதே பழைய ஆறு வகைதான்: மங்கலான எழுத்து, மாற்று உரை இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி, வெற்று லிங்க், வெற்று பட்டன், பக்கத்தின் மொழியைக் குறிப்பிடாதது. இவை எல்லாமே ஒரு டீம் ஒரு மாதத்தில் கற்று, இனிமேல் வராமல் தடுக்கக்கூடியவை. ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் தளம் தானாகவே எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று யாராவது விற்க வந்தால் மட்டும் கதவைச் சாத்திவிடுங்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 2025-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, திறமைக்கு வருவோம். ஒரு நாள் பயிற்சி ஏன் வேலை செய்யவில்லை? அன்று எல்லோருக்கும் ஒரே பாடம் நடந்திருக்கும். டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச அணுகல்தன்மை விதித்தொகுப்பு என்றால் என்ன, அதன் நான்கு கொள்கைகள், எத்தனை விதிகள், அப்புறம் மதியச் சாப்பாடு. மறுநாள் டெவலப்பர் தன் எடிட்டரைத் திறக்கும்போது, அந்தப் பாடம் எந்த வரியில் உதவும் என்று அவருக்குத் தெரியாது. நீச்சலைப் பற்றிப் பேச்சுக் கேட்டவரைக் கிணற்றில் இறக்கிவிட்ட மாதிரிதான். பயிற்சியை அவரவர் வேலைக்குள், உங்கள் ஆப்பின் திரைகளை வைத்தே நடத்த வேண்டும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு டிசைனர், ஒரு டெவலப்பர், ஒரு டெஸ்ட்டர், ஒரு புராடக்ட் ஆள் சேர்ந்து உட்காருங்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடரைப் போட்டு, கடன் விண்ணப்பத்தின் ஒரே ஒரு பகுதியை, உதாரணமாக முகவரி நிரப்பும் திரையை, ஸ்வைப் செய்து செய்து முடிக்கப் பாருங்கள். "பெயரிடப்படாத பட்டன்" என்று போன் சொல்லும்போது அந்த பட்டனை எழுதிய டெவலப்பர் அங்கேயே இருக்க வேண்டும், அன்றைக்கே அதைத் திருத்த வேண்டும். கண்டுபிடித்ததும் திருத்தியதும் ஒரே ஆளாக இருந்தால் அந்தப் பாடம் மறக்காது. வலைதளம் என்றால் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் கீயால் மட்டும் போய்ப் பாருங்கள், பிறகு என்விடிஏ என்ற விண்டோஸ் ஸ்க்ரீன் ரீடரோடு. அது இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு புரோகிராமர்கள் 2006-ல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அந்த இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், ஏன் அதை இலவசமாகக் கொடுத்தார்கள் தெரியுமா? மற்ற ஸ்க்ரீன் ரீடர்களின் விலை பார்வையற்றவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இதை உங்கள் டீமிடம் சொல்லுங்கள், அந்த மென்பொருளை மரியாதையோடு தொடுவார்கள்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் தெரிய வேண்டியது வேறு. டிசைனராக நீங்கள் சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 நிறவேறுபாடு, தொடும் இடத்துக்குக் குறைந்தது 24-க்கு 24 பிக்சல், பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் வார்த்தையிலும் சொல்வது, இவற்றோடு ஒன்றைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: டிசைன் ஃபைலிலேயே ஃபோகஸ் (கீபோர்டிலோ ஸ்வைப்பிலோ அடுத்து நிற்கும் இடம்) எந்த வரிசையில் போகும், ஸ்க்ரீன் ரீடர் என்ன படிக்கும் என்று குறித்துத் தருவது. நீங்கள் குறிக்காவிட்டால் அதை டெவலப்பர் இரவு பத்து மணிக்கு ஊகித்துத் தீர்மானிப்பார். டெவலப்பர்கள் கற்க வேண்டியதில் முக்கியமானது, உள்ள பட்டனை பட்டனாகவே பயன்படுத்துவது. வெறும் பெட்டியை பட்டன் போலத் தீட்டிவிட்டு அதன் மேல் ஏரியா (ARIA) எனப்படும், ஸ்க்ரீன் ரீடருக்கான கோடு குறிப்புகளை ஒட்டுவதில்தான் பாதித் தொல்லை பிறக்கிறது, தவறான ஏரியாவை விட ஏரியா இல்லாதது மேல் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டியே சொல்கிறது. டெஸ்ட்டர்கள் கீபோர்டு, ஸ்க்ரீன் ரீடர், எழுத்தை 200 சதவீத அளவுக்குப் பெரிதாக்குவது என்ற மூன்றையும் வழக்கமான டெஸ்ட் கேஸ்களில் சேர்க்கட்டும். மூன்றாவதை ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை வாங்கிப் பாருங்கள், எழுத்து அளவு உச்சத்தில் இருக்கும், அதில் உங்கள் ஆப்பின் "தொடர்" பட்டன் திரைக்கு வெளியே போயிருக்கலாம்.

தமிழ் பற்றி தனியாகச் சொல்ல வேண்டும், இதை ஆங்கிலப் பயிற்சி எதுவும் உங்களுக்குச் சொல்லித் தராது. வலைதளத்தில் தமிழ் உரைக்குத் தமிழ் என்று மொழிக்குறி கொடுக்காவிட்டால், ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே படிக்க முயலும், அப்போது எழுத்துக்களைத் தாண்டிப் போகலாம், அல்லது புரியாதபடி உளறலாம். ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் இன்னும் சிக்கல். கடன் ஒப்பந்தத்தைப் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டி பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், கண்ணுக்கு அழகான தமிழ், காதுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களின் குவியல். ஸ்கேன் செய்து அனுப்பினால் அதுவும் இல்லை, வெறும் படம். வட்டி விகிதமும் அபராதமும் எழுதியிருக்கும் காகிதம் அது. அதைப் படிக்காமல் ஒருவரைக் கையெழுத்துப் போட வைக்கிறோம் என்பதை உங்கள் உள்ளடக்க எழுத்தாளரும் சட்டப் பிரிவும் உணர வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஆப்பைப் பயன்படுத்தும் விளையாட்டுகளைப் பயிற்சி என்று வைக்காதீர்கள். ஏரியல் சில்வர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரே பார்வையற்றவர், மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்திருக்கிறார். சிறிது நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியாது என்றே அதிகமாக நினைக்கத் தொடங்கினார்கள். புதிதாக இருட்டில் விழுந்தவரின் தடுமாற்றத்தைத்தான் அந்த விளையாட்டு காட்டுகிறது, இருபது வருடமாக வேகமாக ஸ்க்ரீன் ரீடர் கேட்டு வேலை பார்க்கிறவரின் திறமையை இல்லை. டாக்பேக் கற்பது வேறு, அது கருவியைக் கற்பது, திரையைப் பார்த்துக்கொண்டே கற்கலாம்.

சான்றிதழ் பற்றி: இப்போதைக்கு எல்லோருக்கும் வேண்டாம். டபிள்யூ3சி-யின் இலவச அறிமுகப் பாடம் இணையத்தில் இருக்கிறது, அது போதும். ஆறேழு மாதம் கையால் வேலை செய்த பிறகு, ஆர்வம் காட்டும் ஓரிருவரை ஐஏஏபி என்ற சர்வதேச அணுகல்தன்மை நிபுணர்கள் சங்கத்தின் தேர்வுக்கு நிறுவனச் செலவில் அனுப்புங்கள். அவர்கள் பெயரில் இதற்கென்று வாரத்தில் சில மணி நேரம் எழுத்தில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நேரம் ஒதுக்காமல் கொடுக்கும் பட்டம் அவர்களுக்கும் உங்கள் நிலைமையைத்தான் தரும்.

இனி ஆய்வு. இதில்தான் நீங்கள் அதிகம் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்களை எங்கே தேடுவது? முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சென்னையில் வித்யாசாகர், மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். உங்கள் ஊரிலேயே கல்லூரிகளில் படிக்கும், வங்கிகளில் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். ஆனால் அமைப்புகளுக்குப் போகும்போது "பத்து பேரை அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். என்ன ஆப், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், பதிவு செய்வீர்களா, யார் பார்ப்பார்கள் என்று தெளிவாக ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், விருப்பப்பட்டவர்கள் தாங்களே உங்களைத் தொடர்பு கொள்ளட்டும். அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் உரையாகவே அனுப்புங்கள், போஸ்டர் படமாக வேண்டாம்.

பணம் கட்டாயம் கொடுங்கள். மற்ற பயனர் ஆய்வுகளுக்கு என்ன தருகிறீர்களோ அதே தொகை, அதோடு ஆட்டோ செலவு, துணைக்கு வருபவர் இருந்தால் அவர் செலவும். "நல்ல காரியத்துக்குத்தானே" என்று சும்மா கூப்பிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். அவர் தரப்போவது நிபுணத்துவம், உங்கள் டீமில் யாரிடமும் இல்லாதது.

யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கும்போது மருத்துவப் பெயர்களை விடுங்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கேட்காதீர்கள். போனை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். ஸ்க்ரீன் ரீடரா, எழுத்தைப் பெரிதாக்கியா, ஒரு கையாலா, குரலாலா? மாற்றுத்திறனாளி என்றதும் பார்வையற்றவர் ஒருவரைக் கூப்பிட்டு முடித்துவிடுவது பரவலான வழக்கம். குறைபார்வை உள்ளவருக்கு வரும் சிக்கல் முற்றிலும் வேறு, கை நடுங்குகிறவருக்கு வேறு. காது கேளாதவர்களுக்கு ஆப்பில் என்ன பிரச்சினை வரப்போகிறது என்று நினைப்பீர்கள். உங்கள் கடன் சரிபார்ப்பு ஒரு போன் அழைப்பில் முடிகிறதா இல்லையா, யோசித்துப் பாருங்கள். தவிர, சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அடர்த்தியான சட்ட வாக்கியம் அவர்களை நிறுத்திவிடும். அவர்களோடு அமர சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வீட்டு ஆளை வைத்து ஒப்பேற்ற வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு சுற்றுக்கு நான்கைந்து பேர் போதும், மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று. வருடத்தில் ஒரு தடவை இருபது பேரைக் கூப்பிட்டு விழா நடத்துவதை விட இது எவ்வளவோ மேல்.

அமர்வில் கவனிக்க வேண்டியவற்றில் சில முதல் தடவை செய்பவர்களுக்குத் தோன்றாது. அவர்களுடைய சொந்த போனிலேயே சோதியுங்கள், அவரவர் ஸ்க்ரீன் ரீடர் குரல், வேகம், விரல் சைகைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதற்காகச் சோதனை ஆப்பை முன்கூட்டியே நிறுவ உதவி, முடிந்ததும் நீக்கவும் உதவுங்கள். உண்மையான ஆதார், பான் எண்களை ஒருபோதும் கேட்காதீர்கள். போலித் தகவல்களை முதல் நாளே மெசேஜில் அனுப்பிவிட்டால் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார், அச்சிட்ட தாளை நீட்டினால் அங்கேயே ஆய்வு நின்றுவிடும். டிசைன் மென்பொருளில் செய்த புரோட்டோடைப்பை ஸ்க்ரீன் ரீடரில் சோதிப்பது பெரும்பாலும் வீண், சில திரைகளையாவது கோடில் எழுதிக்கொண்டு போங்கள். ஒப்புதல் படிவமும் படிக்கக்கூடிய உரையாக இருக்கட்டும், ஸ்கேன் பிடிஎஃப்பை நீட்டி ஆய்வைத் தொடங்கினால் அது அவமானம்.

"மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்லுங்கள்" என்ற வழக்கமான முறை இங்கே இடிக்கும். ஸ்க்ரீன் ரீடர் பேசிக்கொண்டிருக்கும்போது அவரும் பேச முடியாது. ஒரு வேலை முடியும்வரை விடுங்கள், பிறகு "அந்த இடத்தில் இரண்டு தடவை திரும்பி வந்தீர்களே, என்ன எதிர்பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். ஜூமில் என்றால் போனின் ஒலியும் பகிரப்படுகிறதா என்று தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குரல் வேகமாக ஓடும், உங்களுக்குப் புரியாது, அதற்காக வேகத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பதிவை அப்புறம் மெதுவாக ஓட்டிக் கேட்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், உதவிக்கு ஓடாதீர்கள். அவர் பட்டனைத் தேடும் அந்த ஒன்றரை நிமிடம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதை அவர் தினமும் அனுபவிக்கிறார், அதைப் பார்க்கத்தான் அவரை அழைத்தீர்கள்.

எழுதி வைக்கும்போது "முடித்தார், முடிக்கவில்லை" என்று மட்டும் பதியாதீர்கள். எப்படி முடித்தார் என்பதுதான் விஷயம். கேப்ட்சா வந்தால் தம்பியைக் கூப்பிடுவேன் என்பார் ஒருவர். செல்ஃபி எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் போனைக் கொடுப்பேன் என்பார் இன்னொருவர். உங்கள் அட்டவணையில் இது "வெற்றி" என்று விழும். உண்மையில் அவருடைய கடன் தொகை, பின் எண், வங்கி இருப்பு எல்லாம் இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. தன் பணத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் இருக்கும் உரிமை உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது, அவருக்கு உங்கள் ஆப் அதைக் கொடுக்கவில்லை. இந்த வரியை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அனுமதி வாங்கிய வீடியோத் துண்டை ஸ்பிரிண்ட் முடிவுக் கூட்டத்தில் போடுங்கள், அந்த வாரமே டிக்கெட்டாக்கி, யார் செய்வார், எப்போது முடியும் என்று போட்டுவிடுங்கள். முடிந்ததும் பங்கேற்றவருக்கு ஒரு மெசேஜ், "நீங்கள் சொன்னது சரிசெய்யப்பட்டுவிட்டது" என்று. பலர் நாலைந்து நிறுவனங்களுக்கு நேரம் கொடுத்துவிட்டு ஒரு பதிலும் வராமல் அலுத்துப் போயிருக்கிறார்கள்.

மேனேஜர் விஷயம். அவருக்குச் சட்டத்தைக் காட்டுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தை ஆன்லைனில் சரிபார்ப்பது, பற்றித் தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள், கண் சிமிட்டச் சொல்லும் சரிபார்ப்பைக் கடக்க முடியாமல் தொடுத்த வழக்கு, பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் அதோடு சேர்ந்தது. டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி நீதிமன்றம் 20 உத்தரவுகள் போட்டது. சான்று பெற்ற நிபுணர்களின் தணிக்கையும், புதிய ஆப்போ வசதியோ வரும்போது பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்ப்பதும் அதில் உண்டு. அதாவது நீங்கள் கேட்கும் ஆய்வு உங்கள் ஆசை இல்லை, உங்கள் வங்கி மேல் உள்ள கடமை. அந்த வங்கிக்கு ஆப் செய்பவர் நீங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கிலும், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் யாராவது இருந்தால், அங்கே 2025 ஜூன் 28 முதல் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, வங்கிச் சேவைகளும் அதற்குள் வரும்.

பணம் கேட்கும்போது மொத்தத் திட்டத்துக்கும் கேட்காதீர்கள். ஒரு சுற்று ஆய்வு, வாரம் ஒரு மணி நேரம், ரிலீஸ் நிபந்தனையில் நான்கே வரி: எல்லா பட்டனுக்கும் பெட்டிக்கும் பெயர், கீபோர்டில் முழுவதும் போக முடிவது, எழுத்தைப் பெரிதாக்கினால் உடையாமல் இருப்பது, கருவியில் புதிய குறை வராமல் இருப்பது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் உங்கள் வேலைப் பட்டியலில் அந்த வேலை "முடிந்தது" என்ற நிலைக்கு நகரக் கூடாது. இதற்கு மட்டும் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கையில் முதல் சுற்று வீடியோ இருக்கும்போது அடுத்ததைக் கேட்பது சுலபம்.

ஒரு வருடம் கழித்து மாற்றுத்திறனாளி ஒருவரை டீமில் வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடச் சொல்கிறது, உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று எச்ஆரிடம் விசாரியுங்கள். எடுத்தால் டெவலப்பராகவோ டெஸ்ட்டராகவோ முழுப் பொறுப்போடு எடுக்க வேண்டும், ஸ்க்ரீன் ரீடரில் ஓட்டிப் பார்க்க மட்டும் இல்லை. அவர் வரும் முன், லீவு போடும் ஆப், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு இவற்றையெல்லாம் அவரால் பிறர் உதவியின்றிப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

வங்கிக்குப் போகும் அறிக்கையைக் கருவி தந்த மதிப்பெண்ணோடு அனுப்பாதீர்கள். டபிள்யூசிஏஜி 2.2-ன் இரண்டாம் நிலையை (ஏஏ) வைத்து, எந்தத் திரை தேறுகிறது, எது தேறவில்லை, தேறாததை எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள், யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று உள்ளபடி எழுதுங்கள். தேறாத திரைகளில் கேஒய்சி இருந்தால் அதை முதல் வரிசையில் போடுங்கள், அதைத் தாண்டாமல் யாராலும் ஆப்புக்குள்ளேயே வர முடியாது.